குதிக்க வேண்டாம், எதையாவது நீட்டுங்கள்

(கோடை விடுமுறை தொடங்கும் முன்பு, காவிரிக்கரை ஊர் ஒன்றின் நூலக வாசகர் வட்டத்தில் அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



பெரம்பலூர் மாவட்டத்தில் கொட்டரை என்று ஓர் ஊர். அங்கே மருதையாற்றின் குறுக்கே ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி, மழை பெய்து தண்ணீர் ஏறியிருந்த நேரம். ஆதனூரைச் சேர்ந்த மூன்று பெண்கள் துணி துவைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கிரிக்கெட் ஆடிவிட்டு இளைஞர்கள் சிலர் குளிக்க வந்தார்கள். ஆழம் அதிகம் என்று அந்தப் பெண்கள் எச்சரித்தும் இருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் நான்கு பேர் ஆழத்துக்குள் போய்விட்டார்கள். மூன்று பெண்களும் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்துத் தண்ணீரில் வீசினார்கள். இரண்டு பேர் கையில் அது சிக்கியது. அவர்களை இழுத்துக் கரையேற்றிவிட்டார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மாதமே, சுதந்திர தினத்தன்று, தமிழக அரசு மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது வழங்கியது.

அவர்களுடைய துணிச்சலை நாடே பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தத் துணிச்சலுக்குள் ஒரு முறை இருந்தது. அதை நாம் பேசவே இல்லை. ஒரு சேலை ஐந்தரை மீட்டர் நீளம். மூழ்குகிறவருக்கும் காப்பாற்றுகிறவருக்கும் நடுவே அந்த ஐந்தரை மீட்டர் இருந்தது. பிடித்தவர்கள் சேலையைப் பிடித்தார்களே தவிர, அந்தப் பெண்களின் கழுத்தைப் பிடிக்கவில்லை. இரண்டு உயிர் மீண்டதற்கும், மீட்டவர்கள் மூவரும் உயிரோடு வீடு திரும்பியதற்கும் அந்த இடைவெளியே காரணம் என்று நான் நினைக்கிறேன். உலகம் முழுவதும் உயிர்காப்பு வீரர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே இதுதான்: கரையில் இருந்தபடி எதையாவது நீட்டு, எட்டாவிட்டால் மிதக்கும் பொருளை வீசு, தண்ணீரில் இறங்குவது கடைசி வழி, அதுவும் பயிற்சி பெற்றவருக்கு மட்டும். எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகாத மூன்று பெண்கள் அந்தப் பாடத்தின் அடிப்படையைச் செய்துகாட்டினார்கள்.

இன்றைக்கு நான் பேச வந்தது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

2022 ஜூன் 5. கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே தேங்கிய தண்ணீரில் குளிக்க இறங்கிய ஏழு பேர் இறந்துபோனார்கள். ஏழு பேரும் பெண்கள், சிறுமிகள். 2023 பிப்ரவரியில், கால்பந்துப் போட்டிக்காக வந்த புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளி மாணவிகள் நான்கு பேர் கரூர் மாயனூர்க் காவிரியில் மூழ்கினார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 5, சென்னை மூவரசம்பட்டு. கோயில் குளத்தில் தீர்த்தவாரி நடக்கிறது. ஒருவர் ஆழத்தில் சிக்க, அவரைப் பிடிக்கப் போனவர்களும் சிக்க, ஐந்து இளைஞர்கள் போய்விட்டார்கள். கரையில் ஊரே நின்றிருந்தது.

இந்தச் செய்திகளை நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஏழு பேர், நான்கு பேர், ஐந்து பேர் என்று ஏன் கொத்தாகப் போகிறார்கள்? எல்லோரும் ஒரே நொடியில் கால் தவறுவதில்லை. முதலில் போகிறவர் ஒருவர்தான். தங்கை மூழ்குகிறாள் என்று அக்கா போகிறாள். அக்காவைப் பிடிக்கச் சிற்றப்பா மகள் போகிறாள். நீரில் நடக்கும் சாவில் இதைவிடக் கொடுமை எனக்குத் தெரியவில்லை: இரண்டாவதாக, மூன்றாவதாக இறப்பவர்கள் பாசத்தினாலேயே இறக்கிறார்கள். முதல் ஆளின் தவறுதலை நம்மால் எப்போதும் தடுத்துவிட முடியாது. இரண்டாவது சாவையும் மூன்றாவது சாவையும் தடுக்க முடியும்.

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளை நிறத்தில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. எத்தனையோ தமிழ்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டு மாலுமிக்காகக் கட்டப்பட்டது. 1930 டிசம்பர் 30ஆம் தேதி, அந்த இடத்துக்குப் பக்கத்தில் கடலில் தத்தளித்தவர்களுக்கு உதவப் போய் அவர் உயிரைவிட்டார். அவர் மாலுமி, கடலிலேயே வாழ்ந்தவர். அவரையே அந்தக் கடல் விடவில்லை. அந்த நினைவுச் சின்னத்தின் நிழலில் உட்கார்ந்து பொழுதுபோக்கும் பிள்ளைகளுக்கு இதையும் யாராவது சொல்ல வேண்டும்.

காப்பாற்றப் போகிறவர் ஏன் மூழ்குகிறார்? இதைப் புரிந்துகொள்ள, மூழ்குகிற மனிதர் எப்படி இருப்பார் என்று தெரிந்திருக்க வேண்டும். சினிமாவில் கையைத் தூக்கி ஆட்டுவார்கள், காப்பாத்துங்க என்று கத்துவார்கள். நிஜத்தில் அப்படி நடப்பதே இல்லை என்று சொல்லலாம். நியூயார்க் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பு வீரராக இருந்த ஃபிராங்க் பியா என்பவர், மூழ்குகிறவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். 1970இல் அதை ஒரு படமாகவே வெளியிட்டார். அவர் காட்டியது இது: மூழ்குகிறவருக்குக் கத்த மூச்சு இருக்காது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த அரை நொடியில் அவர் மூச்சை இழுக்கப் பார்ப்பாரா, குரல் கொடுப்பாரா? கையைத் தூக்கவும் முடியாது. கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும், ஏணியில் ஏறப் பார்ப்பது மாதிரி. உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும். இந்த நிலை 20 நொடியிலிருந்து 60 நொடி வரைதான். அதற்குப் பிறகு உள்ளே போய்விடுவார்.

இது முழுக்கச் சத்தமில்லாமல் நடக்கிறது. பக்கத்தில் நிற்கிறவர் விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அதனால் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தண்ணீரில் சத்தம் போட்டு விளையாடும் பிள்ளை பத்திரமாக இருக்கிறான் என்று அர்த்தம். அவன் திடீரென்று அமைதியாகிவிட்டால் உடனே திரும்பிப் பாருங்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வரவில்லையா, உங்களுக்கு அரை நிமிடம்தான் இருக்கிறது. செல்பேசியைப் பார்த்துக்கொண்டே பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறேன் என்பது நடக்காத காரியம்.

அந்த 60 நொடிக்குள் பக்கத்தில் யாராவது நீந்திப் போனால் என்ன ஆகும்? மூழ்குகிறவருக்கு அப்போது அண்ணன், நண்பன் என்ற எண்ணமெல்லாம் இல்லை. கைக்கு எட்டியது எதுவோ அதன் மேல் ஏறி மூக்கைத் தண்ணீருக்கு வெளியே கொண்டுவருவது ஒன்றுதான் உடம்புக்குத் தெரியும். வந்தவரின் தோளைப் பிடித்து அழுத்தி ஏறுவார். நன்றாக நீச்சல் தெரிந்தவரும் கழுத்தில் ஒரு முழு ஆள் தொங்கும்போது நீந்த முடியாது. அப்படிப் பிடிபட்டுவிட்டால் மேலே வரப் போராடக் கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போக வேண்டும். மூழ்குகிறவர் கீழே போக விரும்பமாட்டார், பிடியை விட்டுவிடுவார். பயிற்சி பெற்ற வீரர்கள் இதைப் பலமுறை பழகியிருப்பார்கள். பழகாதவருக்கு அந்த நேரத்தில் இது தோன்றாது. அதனால்தான் குதிக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதா என்று கேட்பீர்கள். இல்லை. நம் ஆற்றங்கரையில், குளத்தங்கரையில் கிடக்கும் பொருள்களைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள்.

ஒரு பிளாஸ்டிக் குடம். அதைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், உள்ளே போகாது, எதிர்த்துக்கொண்டு மேலே வரும். உள்ளே அடைபட்ட காற்று அதைத் தூக்குகிறது. மனித உடம்பு ஏறக்குறைய தண்ணீரின் எடையேதான். தலையை மட்டும் மேலே நிறுத்த வளர்ந்த ஆளுக்கு நான்கைந்து கிலோ தூக்குவிசை போதும். அதாவது மூடி இறுக மூடிய 5 லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று ஒருவரைத் தாங்கிவிடும். நம் வீட்டுக்கு வருகிறதே 20 லிட்டர் குடிநீர் கேன், அது காலியாக இருந்தால் இரண்டு மூன்று பேர் தொற்றிக்கொள்ளலாம். குடத்தின் வாய் கீழே பார்த்தபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெண்கள் அந்தக் காலத்தில் நீச்சல் பழகியது இதை வைத்துத்தான். பிள்ளைகள் முதுகில் சுரைக்குடுக்கையையும் கல்யாண முருங்கைக் கட்டையையும் கட்டிக் கிணற்றில் இறக்கியதும் இதனால்தான். கல்யாண முருங்கை அவ்வளவு லேசான மரம். அந்த அறிவு நம் வீடுகளில் இருந்தது. கிணறுகள் வற்ற, மோட்டார் வர, ஒரே தலைமுறையில் கைநழுவிப் போய்விட்டது.

கயிறு இல்லையா, எட்டு முழ வேட்டி இருக்கிறது. இரண்டு சேலையை முடிந்தால் பத்து மீட்டருக்கு மேல் வரும். நைலக்ஸ் சேலை என்றால் முடிச்சு வழுக்கும், இரண்டு முடிச்சாகப் போட்டுவிடுங்கள். மூங்கில் கழி, துரட்டி, சைக்கிள் ட்யூப், வாழைத்தண்டு, எதுவும் ஆகும். நீட்டும்போது நின்றுகொண்டு நீட்டாதீர்கள். ஈரப் படியில் நிற்பவரை ஒரு சின்ன இழுப்பே உள்ளே தள்ளிவிடும். குப்புறப் படுத்துக்கொண்டு நீட்டுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் உங்கள் காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூழ்குகிறவரிடம் பேசிக்கொண்டே இருங்கள்: இதைப் பிடி, இதைப் பிடி, விடாதே. அவருக்குக் காதில் விழும். உங்கள் பிடி நழுவி நீங்களும் உள்ளே போகும் நிலை வந்தால் சேலையை விட்டுவிடுங்கள். சேலை போகட்டும்.

இனி, எங்கே ஆபத்து என்று பார்ப்போம். எல்லா நீர்நிலையும் ஒன்றல்ல.

நம் காவிரியைக் கோடையில் பார்த்தால் கணுக்கால் தண்ணீர்தான் ஓடுகிறது. குழந்தைகூட நடந்து கடக்கும் போலத் தெரிகிறது. ஆனால் மணல் அள்ளிய இடங்களில் பள்ளம் இருக்கிறது. கொள்ளிடத்திலும் அப்படித்தான். மேலே ஒரே மட்டமாகத் தண்ணீர் தெரியும், அடுத்த அடி வைத்தால் ஆள் மட்டத்துக்கு மேல் ஆழம். பள்ளத்தின் ஓரம் சரிவான மணல், காலை ஊன்றினால் சரிந்துகொண்டே போகும், மேலே ஏற முடியாது. பழைய ஆற்றுக்காரர்களுக்கு எந்த இடத்தில் மடு, எந்த இடத்தில் சுழி என்பது மனப்பாடமாக இருக்கும். தாமிரபரணிக்காரர்கள் கசம் என்பார்களே, அந்த ஆழமான இடங்களைத் தாத்தா பேரனுக்குக் காட்டிக்கொடுப்பார். இப்போது மணல் போன ஆற்றில் தாத்தாவின் கணக்கும் பொய்த்துவிடுகிறது. போன வருஷம் கால் எட்டிய இடம் இந்த வருஷம் எட்டாது. அதனால் பழகிய துறை என்ற தைரியம் வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை, கோடை தொடங்கும்போது, ஊரில் நீச்சல் தெரிந்த பெரியவர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒவ்வொரு துறையையும் கழியால் அளந்து பார்த்துக் கொடி நட வேண்டும். இது ஊராட்சியால் முடிகிற வேலை.

தடுப்பணையின் கீழ்ப்பக்கம் இன்னொரு ஆபத்து. மேலிருந்து விழும் தண்ணீர் அடியில் போய்ச் சுருண்டு மறுபடி அணைச் சுவரை நோக்கித் திரும்புகிறது. அதில் சிக்கியவரை வெளியே தள்ளாமல் சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி அடிக்கும். பார்வைக்கு அழகாக நுரைத்துக்கொண்டு இருக்கும். நுரை என்றால் காற்று கலந்த தண்ணீர்; உடம்பை அது சரியாகத் தாங்காது. மதகு, கலிங்கு திறந்திருக்கும்போது அருகில் போவதும் இப்படித்தான், கண்ணுக்குத் தெரியாமல் இழுக்கும்.

மேட்டூரில் தண்ணீர் திறக்கும் காலத்தில், ஆடிப் பதினெட்டில், கரையில் கூட்டம் நிற்கும் நாட்களில், ஒலிபெருக்கியில் எச்சரித்தால் அதைச் சடங்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். முழங்கால் அளவு வேகமான தண்ணீர் வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். மலையடிவாரத்து ஓடைகளில் எச்சரிக்கவும் யாரும் இருக்க மாட்டார்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், செத்தையும் சருகும் மிதந்து வந்தால், மேலே எங்கோ மழை பெய்துவிட்டது என்று பொருள். துணியை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த காட்டாற்று வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது.

கல்குவாரிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செங்குத்தான பாறை, ஏறப் படி கிடையாது, விளிம்பிலிருந்தே ஆழம். கைவிடப்பட்ட குவாரியில் பிள்ளைகள் குளிப்பதைக் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். தரைக்கிணறுகளும் அப்படியே. சுற்றுச்சுவர் இல்லாத கிணறு உங்கள் தோட்டத்தில் இருந்தால், இந்தக் கோடைக்குள் ஒரு முள்வேலியாவது போடுங்கள்.

கடலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்துபோனார்கள். ஐந்து பேரும் என் தொழிலுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள்; அந்தச் செய்தியை இன்னும் என்னால் சாதாரணமாகப் பேச முடியவில்லை. அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. கள்ளக்கடல் என்றால் என்ன? தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் புயல் அடிக்கிறது. அங்கே எழும் நீண்ட அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சட்டென்று கடல் கரையேறும். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஐதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே இந்த எச்சரிக்கையை வெளியிடுகிறது. மீனவர்கள் அதைக் கேட்கிறார்கள், கடலுக்குப் போகாமல் இருக்கிறார்கள். சுற்றுலாப் போகும் நாம் கேட்பதில்லை. எந்தக் கடற்கரைக்குப் போனாலும் முதலில் அங்கே இருக்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: அண்ணே, இன்னிக்கு இறங்கலாமா? அவர் வேண்டாம் என்றால் அத்தோடு சரி.

கள்ளக்கடல் இல்லாத நாளிலும் கடல் இழுக்கும். அலைகள் கரைக்குக் கொண்டுவரும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். மணல்திட்டுகளுக்கு நடுவே பள்ளமான பாதை கிடைத்தால் அதன் வழியே ஒன்றாகச் சேர்ந்து வேகமாகப் பின்னால் ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவே கொஞ்ச தூரம் மட்டும் கருத்து, அமைதியாகத் தெரியும். குழந்தையோடு வருகிறவர்கள் அங்கேதான் இறங்குகிறார்கள், அலை இல்லையே என்று. உள்ளே இழுக்கப்பட்டதும் கரையைப் பார்த்து நீந்துகிறார்கள். எதிர்த்து நீந்தி யாரும் ஜெயிக்க முடியாது; கை சோர்ந்துதான் மூழ்குகிறார்கள். அந்த ஓட்டம் ஆளைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். அகலமும் அதிகம் இருக்காது. மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொண்டு, கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தினால் அதைவிட்டு வெளியே வந்துவிடலாம். அப்புறம் அலையே கரைக்குக் கொண்டுவரும். நீந்த முடியாதவர் மிதந்துகொண்டே ஒரு கையை உயர்த்திக் காட்டினால் போதும்.

மிதப்பது என்று சொன்னேன். நீச்சல் பழகும்போது எத்தனை சுற்று நீந்தினான் என்று பெருமைப்படுகிறோம். நான் முதலில் கேட்பது, மல்லாந்து ஐந்து நிமிடம் மிதப்பானா என்பதுதான். உடுத்திய துணியோடு மிதப்பானா? நீச்சல் குளத்து நீலத் தண்ணீரில் ஜட்டியோடு பழகிய பிள்ளை, கலங்கிய ஆற்றில் பேன்ட் சட்டையோடு விழும்போது திகைத்துப்போகிறான்.

இங்கே பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் போனால் நான் வந்ததே வீண். கெடிலத்தில் போனவர்கள் பெண்கள். மாயனூரில் போனவர்கள் மாணவிகள். அதே கடலூர் மாவட்டத்தில் 2004 சுனாமியில் இறந்தவர்களைப் பற்றி ஆக்ஸ்ஃபாம் அமைப்பு வெளியிட்ட கணக்கில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர். காரணங்கள் பல. ஆண்கள் கடலுக்குள் போயிருந்தார்கள், பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. நீச்சலும் மரமேறுவதும் பையன்களுக்கு மட்டும் கற்றுத்தரும் வழக்கமும் அதில் ஒன்று. தண்ணீர் எடுப்பது பெண், துணி துவைப்பது பெண், ஆடு மாடு குளிப்பாட்டுவதும் பாதி நேரம் பெண். தண்ணீரோடு அதிக நேரம் புழங்குகிறவளுக்கு நீச்சல் கற்றுத்தர வெட்கப்படுகிறோம். வயசுக்கு வந்த பெண் கிணற்றில் குதிக்கலாமா என்று கேட்கிற பெரியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவசரப் பிரிவில் அந்தப் பிள்ளைகளின் ஈரத் தலைமுடியைத் துடைத்துவிடுகிற நர்ஸுகளைப் பார்த்தவன் நான். தயவுசெய்து அனுப்புங்கள். பெண் ஒருவரே கற்றுத்தரட்டும், தனி நேரம் ஒதுக்கட்டும், சுடிதாரோடே பழகட்டும்.

சின்னக் குழந்தைகளுக்கு ஆறும் கடலும் தேவையில்லை, வீடே போதும். தவழும் குழந்தைக்குத் தலைதான் கனம். வாளிக்குள் எட்டிப்பார்த்துக் கவிழ்ந்தால் அதனால் நிமிர முடியாது. அரை வாளித் தண்ணீரே அதிகம். குளியலறைக் கதவைச் சாத்துங்கள், அண்டாவையும் டிரம்மையும் மூடுங்கள், சம்ப்பின் இரும்பு மூடிக்குப் பூட்டுப் போடுங்கள். வங்காளதேசத்தில் இதை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். குழந்தைகள் பெரும்பாலும் காலை 9 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் இடையில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் குட்டையிலேயே மூழ்குகிறார்கள். அம்மா சமையலில் இருக்கும் நேரம், அப்பா வயலில். அதற்காக அங்கே பல ஊர்களில் அந்த நேரத்துக்கு மட்டும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களைத் தொடங்கினார்கள். அங்கே விடப்பட்ட குழந்தைகளிடையே மூழ்கிச் சாகும் ஆபத்து 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. நம் ஊரில் புதிதாகத் தொடங்கக்கூட வேண்டாம், அங்கன்வாடி இருக்கிறது. அங்கே பிள்ளையை அனுப்புவதும் ஒரு பாதுகாப்புதான். 2021இல் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்ததற்கு முன்னின்று உழைத்ததும் இதே வங்காளதேசமும் அயர்லாந்தும்தான். அந்த ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய கால் பங்கு ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள்.

வலிப்பு நோய் உள்ளவர்கள் ஆற்றிலோ குளத்திலோ தனியாக இறங்கவே கூடாது. குடித்துவிட்டு இறங்குவதைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக, வெளியே எடுத்த பிறகு. இதில் மருத்துவனாக என் மனக்குறையைச் சொல்லியாக வேண்டும்.

எங்களிடம் கொண்டுவரப்படும் பிள்ளைகளின் வயிற்றில் பல சமயம் ஈரமணல் ஒட்டிய கைத்தடம் இருக்கும். அழுத்தி அழுத்திச் சிவந்திருக்கும். தண்ணீரை எடுக்க வேண்டும் என்று அழுத்தியிருப்பார்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றியிருப்பார்கள். வயிற்றை அழுத்தினால் வருவது வயிற்றுக்குள் இருக்கும் தண்ணீரும் சோறும்தான், அது நேராக மூச்சுக்குழாய்க்குள் போய் அடைக்கும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் கொஞ்சம்தான், அதை யாரும் கையால் பிழிந்து எடுக்க முடியாது, எடுக்கவும் தேவையில்லை. இன்னும் கொடுமை, மூழ்கியவரை உப்பில் புதைத்து வைத்தால் பிழைப்பார் என்று செல்பேசியில் ஒரு செய்தி சுற்றுகிறது. 2022இல் கர்நாடகத்தில் ஒரு சிறுவனின் உடலை அப்படி உப்புக் குவியலுக்குள் வைத்துக்கொண்டு குடும்பமே மணிக்கணக்காகக் காத்திருந்தது. பெற்ற மனத்தின் ஆசையை அந்தச் செய்தி எப்படி ஏமாற்றியது பாருங்கள்.

மூழ்கியவருக்கு வேண்டியது காற்று. மாரடைப்பில் இதயம் முதலில் நிற்கிறது. இங்கே மூச்சு முதலில் நின்று, காற்றில்லாமல்தான் இதயம் நிற்கிறது. அதனால் நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதாது, வாயோடு வாய் வைத்து ஊதியாக வேண்டும். தட்டையான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். அசைவும் மூச்சும் இல்லையென்றால் ஒருவர் 108க்குப் பேசட்டும், நீங்கள் தொடங்குங்கள். நெற்றியை அழுத்தி மோவாயைத் தூக்குங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை முழுக்க மூடி, நெஞ்சு உயரும்வரை ஊதுங்கள். முதலில் சில மூச்சு. அப்புறம் நெஞ்சின் நடுவே 30 முறை அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30, மறுபடி 2. பெரியவருக்கு ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை என்ற வேகத்தில். வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும். அதைத் துடைத்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள், நுரையோடே ஊதலாம். காற்றில்லாமல் நான்கைந்து நிமிடத்திலேயே மூளை பாதிக்கத் தொடங்குகிறது. ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும் அந்த நான்கைந்து நிமிடம் உங்கள் கையில்தான் இருக்கிறது. எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சில மணி நேரம் கழித்து நுரையீரல் வீங்கி மூச்சுத் திணறலாம்.

ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். நம் ஊர்ப் படித்துறைகள் ஒவ்வொன்றிலும் ஒரு கம்பம் நட்டு, 20 மீட்டர் கயிறும் ஒரு காலி கேனும் கட்டித் தொங்கவிட வேண்டும். சில நூறு ரூபாய் செலவு. கயிறு திருட்டுப் போகும் என்று சொன்னார்கள். போகட்டும், மறுபடி வாங்கிக் கட்டுவோம். வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவரச் சம்மதித்திருக்கிறார்கள்.

இன்று ஒரு கயிறும் 5 லிட்டர் கேனும் கொண்டுவந்திருக்கிறேன். கேனில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடினால் வீசும்போது காற்றில் அலையாமல் தூரமாகப் போகும், அப்போதும் மிதக்கும். கயிற்றின் நுனியைக் காலால் மிதித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கயிறும் சேர்ந்து போய்விடும். ஆளுக்கு நேராக வீசாமல் அவர் தோளைத் தாண்டி விழும்படி வீச வேண்டும், அப்போதுதான் இழுக்கும்போது அவர் கைக்கு வரும். முதல் வீச்சு யாருக்கும் சரியாக வராது. நூலகத்துக்குப் பின்னால் திடலில் கோடு போட்டு வைத்திருக்கிறோம். தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் அங்கே வாருங்கள், ஆளுக்கு நாலு தடவை வீசிப் பார்ப்போம். தாய்மார்கள் முதலில் வாருங்கள்.